ஐந்து வேளைக்கு ஒரு தாள்

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் கண் இப்போது எவ்வளவு தெரிகிறது? இதைச் சின்னவள் படித்துக் காட்டட்டும்.

முதலாளி வீட்டு நாய்க்குக் கணையத்தில் வீக்கம். கொழுப்பு ஆகவே ஆகாது. தோலுரித்த கோழியை வேகவைத்து, எடை போட்டு, தினம் ஐந்து வேளை ஊட்டுகிறேன். ஊட்டியதும் கட்டம் போட்ட தாளில் குறிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தில் முதலாளியே அதற்குப் பொரித்த இறைச்சியைப் போட்டார். பார்த்துக்கொண்டே நின்றேன், தடுக்கவில்லை. மறுநாள் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தது.

"என்ன பெரியவரே, அளவு தப்பிடுச்சா?" என்றார் முதலாளி.

"தப்பியிருக்கலாம் ஐயா" என்றேன். தாளை மூன்று முறை பார்த்துவிட்டேன், ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

"அப்ப அது தேறுற வரைக்கும் லீவுப் பேச்சே எடுக்காதீங்க."

ஆகவே உன் கண் ஆபரேஷனுக்கு நான் வர முடியாது. என் வாயால் வந்த வினை.

சொட்டு மருந்தை நீயே விட்டுக்கொள்ளாதே, சின்னவள் விடட்டும். டாக்டர் சொன்ன வேளைகளை, நாய்க்குப் போட்டது போலவே கட்டம் போட்ட தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சொட்டுக்கும் அவள் ஒரு டிக் போடட்டும். தாள் நிரம்பியதும் எனக்கு அனுப்பிவை.

மணி பதினொன்று. நாய்க்கு ஊட்டப் போகிறேன்.

உன் வீட்டுக்காரன்