இருக்கியா என்று கேட்ட பாட்டு

இன்று காலை உன் போன் என் சமையலறையில் பாடியது.

உன் அண்ணன் மதுரைக்குக் கிளம்பும்போது அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். "எங்க வீட்ல இந்தப் பாட்டெல்லாம் யாருக்கும் புரியாதுங்க, நீங்களே வச்சுக்கங்க" என்றார். அன்றிலிருந்து அலமாரியில் துணிக்கு அடியில் அணைந்து கிடந்தது. நேற்று வந்த ஒரு மெசேஜால்தான் எடுத்துச் சார்ஜில் போட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன். காலையில் பால் பொங்குகிற நேரத்துக்குச் சரியாக உன் அலாரம், நம் பாட்டு. "இருக்கியா?" என்று நீ கேட்கிறாய். "இருக்கேன்" என்று அதற்குள்ளிருந்தே நான் கத்துகிறேன். பால் வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. துடைக்கக்கூடக் கை வரவில்லையடா.

இங்கே புனேயில், போபோடியில் லேத் பட்டறைக்கு மேலே வாடகைக்கு எடுத்திருந்தோமே, அந்த அறையில் பதிவு செய்தது அது. கராடியிலிருந்து நீ கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவாய். சிஞ்ச்வட்டிலிருந்து லோக்கல் ரயிலில் நான். பேங்க்கில் வேலை பார்க்கிற, தலை நரைத்த கோயம்புத்தூர்க்காரி ட்ரம்ஸ் அடிக்கிறாள் என்று அந்தச் சந்துக்கே வேடிக்கை. கீழே லேத் ஓட்டுகிற பெரியவர், நாம் காகா என்று கூப்பிடுவோமே, நம் சத்தத்துக்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நாம் நிறுத்தினால்தான் அவருக்குப் பொறுக்காது. எண்ணெய்க் கையோடு மேலே ஏறி வந்து, என்ன ஆச்சு, ஏன் நிறுத்திட்டீங்க என்று இந்தியில் அதட்டுவார்.

காதல் பாட்டு எழுதப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். "ஏன்டா, நிலா, உசுருன்னு ஆரம்பிச்சீன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன்" என்றேன். நீ கோபப்படவில்லை. "அக்கா, நம்ம வீட்ல யாரு யாருகிட்ட ஐ லவ் யூ சொல்லியிருக்கா? போன் போட்டா இருக்கியான்னு கேப்பாங்க. கதவுகிட்ட நின்னு இருக்கியான்னு கேப்பாங்க. அம்புட்டுதான் நமக்குக் காதலு" என்றாய். அதையே பல்லவியாக வைத்தாய். வாத்தியம் எதுவும் இல்லாமல் முதலில் உன் கேள்வி, என் பதில். மறுபடி கேள்வி, பதில். அதற்கப்புறம்தான் கிட்டார் இடி மாதிரி இறங்கும். எனக்குப் பாட வராதே என்று பயந்தேன். "நீங்க பாட வேணாம்க்கா. வீட்ல கூப்பிட்டா எப்படிக் கத்துவீங்களோ அப்படிக் கத்துங்க." கத்தினேன். அது இவ்வளவு தூரம் போகும் என்று யாருக்குத் தெரியும்?

ஆல்பத்தை முடிக்க வேண்டும் என்று நீ ஆபீசுக்கு லீவு போட்டிருந்த வாரம் அது. நான் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். ரயிலிலிருந்தே கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. இறங்கியதும் பெட்டியோடு கராடிக்கு வந்தேன். உன் அபார்ட்மென்ட் கேட்டில் வாட்ச்மேன், நீ அனுமதி கொடுத்தால்தான் உள்ளே விடுவேன் என்று போனில் இருக்கிற ஆப்பைக் காட்டினான். என்னிடமா? பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு நான் போட்ட கூச்சலில் குடியிருப்புச் சங்கத்து செக்ரட்டரியே ஓடி வந்தார். கதவை உடைத்தார்கள். சார்ஜரில் செருகின போனுக்குப் பக்கத்தில் நீ படுத்திருந்தாய். அந்த நாற்றத்தைப் பற்றி உனக்கு எழுத மாட்டேன்.

தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது, லீவு போட்ட முதல் நாள் ராத்திரியே போய்விட்டாய் என்றார் டாக்டர். யார் வந்து தட்டியிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாய். அது எனக்கும் தெரியும். ஆனால் இத்தனை வீடுகளுக்கு நடுவில் உன்னை அப்படியா கிடக்க விடுவது?

உன் அலாரம் தினமும் காலையில் பாடியிருக்கிறது. குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில், சத்தத்தைக் குறைக்கவும் என்று தினமும் மெசேஜ் போட்டிருக்கிறார்கள். கீழே எத்தனையோ கட்டைவிரல். பக்கத்து வீட்டு அம்மாவைப் பிடித்து இந்தியில் வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள். ஆளைக் காணோமே, தட்டிப் பார்க்கலாம் என்றுதான் இருந்தாளாம். ஓர் ஆண் ஏதோ கேட்டானாம், ஒரு பெண் உடனே பதில் சொன்னாளாம், அப்புறம் பாட்டாம். ஊரிலிருந்து அவன் வீட்டு ஆட்கள் வந்திருக்கிறார்கள், துணைக்கு ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளாம்.

அந்தப் பெண் நான்தானடா. நீ செத்துக் கிடந்த வீட்டுக்குள்ளிருந்து காலைக்குக் காலை இருக்கேன் இருக்கேன் என்று கத்தி, வர இருந்தவளையும் வரவிடாமல் செய்தது என் குரல். தப்பு என்னுடையது இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். இல்லைதான். அதற்காகக் குரலை மாற்றிக்கொள்ளவா முடியும்? அப்புறம் ட்ரம்ஸ் பக்கமே நான் போகவில்லை.

நேற்றைய மெசேஜ் அந்தச் செக்ரட்டரியிடமிருந்து. கணபதி விழா மேடையில் உன் நினைவாக அந்தப் பாட்டைப் போட வேண்டுமாம், அனுப்பி வையுங்கள் என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காது பொத்திக்கொண்ட ஜனத்துக்கு இப்போது பாட்டு கேட்கிறதா? தர முடியாது என்று டைப் அடித்தும் விட்டேன். அனுப்பவில்லை. இன்று காலை பால் வழிந்த அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, உன் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். யாராவது கேட்கட்டும் என்றுதானே அதைப் பாடினாய்?

ஒலிப்பதிவு செய்து கொடுத்த உன் நண்பனைக் கூப்பிட்டு, என் குரலை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். பாட்டு ஓட்டையாகிவிடும் என்றான். ஆகட்டும் என்றேன். மத்தியானம் அனுப்பினான். நீ கேட்கிறாய். அப்புறம் வெறுமை. மறுபடி கேட்கிறாய். மறுபடியும் வெறுமை. அதைத்தான் செக்ரட்டரிக்கு அனுப்பியிருக்கிறேன், பதில் அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

உன் போனிலும் அதையே அலாரமாக வைத்துவிட்டேன். நாளைக் காலை நீ கேட்டு நிறுத்துவாய். சமையலறையில் எனக்காகக் கத்த அந்தக் குரல் இருக்காது. நானேதான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

இருக்கேன்டா.