பெத்சபேயின் பெயர் வைத்த கன்று

லா எஸ்கார்ச்சா,
புதன்கிழமை

அன்புள்ள மரித்சாவுக்கு,

அந்தப் பெரிய நகரத்தில் நீயும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

கன்று நட்ட அன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். குழிகள் தோண்டி முடிந்திருந்தன. தோன் எலியேசர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, “எல்லாம் நம்ம மலை விதைதானே, நிடியா?” என்று கேட்டார். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. நாற்றுத் தட்டை அவர் கையில் கொடுத்தேன். அதையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். பாதியிலேயே நீ “சரி விடு” என்று சொல்லிவிடுவாய். அது எனக்கு வேண்டாம்.

மேல்மலைச் சரிவு தீயில் கருகிய பிறகு நாம் இருவரும் பொறுக்கி வந்த ஃப்ரைலெஹோன் செடியின் விதைகள் உனக்கு நினைவிருக்கும். எத்தனை தூவினாலும் ஒரு கைப்பிடிதான் முளைத்தன. நீ வேலைக்குப் போனதும் நாற்றுக்கூடம் என் பொறுப்பாயிற்று. ஒரு மழை வாரத்தில் மேல்மூடியைத் திறந்துவிட மறந்து, புத்தகமும் கையுமாக இருந்துவிட்டேன். பூஞ்சை விழுந்து பாதிக்கு மேல் அழுகிப்போயின.

நடும் நாள் நெருங்கிவிட்டது. ஒவ்வொரு வீடும் தங்களில் இறந்துபோன ஒருவரின் பெயரை ஒரு கன்றுக்கு வைப்பதென்று முடிவாகி, பெயர்களும் வந்திருந்தன. யார் வீட்டுக்குக் கன்று இல்லை என்று சொல்வது? பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்க மலையின் நாற்றுக்கூடத்துக்குப் போய், பள்ளிக்கூடத் தோட்டத்துக்கு என்று பொய் சொல்லி வாங்கி வந்தேன். கொடுத்த பெண், “தோட்டத்தோட நிக்கட்டும்மா, மேல ஏத்திடாதே. இது வேற வகை. அதோட எங்க பக்கம் குருத்துப் புழுவும் இருக்கு” என்று சொல்லித்தான் கொடுத்தாள். அவற்றை நம்முடையவற்றோடு கலந்து வைத்தேன். அந்த வயதில் எல்லாமே ஒன்றுபோலத்தான் இருக்கின்றன, முயல் காது மாதிரி வெள்ளை ரோமம் படர்ந்த இலைகள். மறுநாள் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

நடவு அன்று ஒரே சிரிப்பு. தோன்யா ஒத்தீலியா தன் கணவரின் கன்றைக் காற்றடிக்கும் மேட்டில் வைத்து, “உயிரோட இருந்தப்ப அடுப்பை விட்டு நகரல மனுஷன். இப்ப நல்லா குளிரட்டும்!” என்றார். “பக்கத்துல என் மாமியாரை வைக்காதீங்க, அவரையும் விரட்டிடும்” என்றார் எலியேசர். சுற்றி நின்றவர்கள் வெல்லத் தண்ணீரைச் சிந்திக்கொண்டு சிரித்தார்கள். உன் அம்மா பெத்சபேயின் கன்றை, நீ கேட்டபடியே, ஏரி தெரியும் இடத்தில் நான் நட்டேன். படம் அனுப்பினேன். பார்த்து அழுதேன் என்றாய்.

போன வாரம் மேலே போனபோது ஒரு கன்றின் குருத்து அரிக்கப்பட்டிருந்தது. பிரித்துப் பார்த்தேன். புழு. நாலு எட்டுத் தள்ளித்தான் தீக்குத் தப்பிய நம் பழைய ஃப்ரைலெஹோன்கள், ஆள் உயரத்துக்கு மேல். ஒரு விரற்கடை வளர ஓர் ஆண்டு எடுப்பவை. புழு அவற்றில் ஏறிவிட்டால் நம் மலையில் வேறு ஃப்ரைலெஹோனே மிஞ்சாது.

சனிக்கிழமை ஊர்க் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். எலியேசர், “நான் கேட்டேனே. உன் மூஞ்சியைப் பாத்துக் கேட்டேன்ல?” என்றார். ஒத்தீலியா கத்தவில்லை. “கன்னு இல்லைன்னு சொல்லியிருந்தா என்ன, பொண்ணே? ஒரு உருளைக்கிழங்கை நட்டு அவர் பேரை வச்சிருப்பேனே” என்றார். எது எந்த மலையுடையது என்று எனக்கே தெரியாததால், எல்லாவற்றையும் பிடுங்கி எரிப்பதென்று முடிவாயிற்று. நம் சொந்தக் கன்றுகளும் அதில் போய்விட்டன.

உன் அம்மாவின் கன்றை மட்டும், மகளைக் கேட்காமல் தொட மாட்டோம் என்றார்கள். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அவர்களிடம் சொன்னேன். கேட்கவில்லை. விட்டுவை என்று நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன்.

நாற்றுக்கூடச் சாவியை ஒத்தீலியாவிடம் கொடுத்துவிட்டேன். நம் பழைய செடிகளில் சில இந்த ஆண்டு பூத்திருக்கின்றன. விதை பொறுக்கும் சமயத்தில் நீ வர வேண்டும். என்னோடு பேச வேண்டாம். மேலே வந்துவிட்டுப் போனால் போதும். கடவுள் உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும்.

உன்,
நிடியா

ஞாயிற்றுக்கிழமை காலை, மற்றவர்கள் வருவதற்கு முன், அந்தக் கன்றை நான்தான் பிடுங்கினேன். குருத்தைப் பிரித்துப் பார்த்தேன். புழு இல்லை.