நூல் வைத்து அளந்த வேர்கள்

இன்று காலை கறி சீக்கிரம் வேகட்டும் என்று ஒரு பப்பாளிக்காயைக் கீறினேன். பால் வழிந்து விரலிடுக்கில் பிசுபிசுத்தது, கொஞ்சம் அரிக்கவும் செய்தது. இத்தனை வருடமும் கறி வேகாவிட்டால் இன்னும் இரண்டு விசில் விடுவேனே தவிர, பப்பாளிக்காயை வீட்டுக்குள் சேர்த்ததில்லை. இன்று ஏனோ வாங்கி வந்துவிட்டேன். நீ போய் ஒரு மாதம் கடந்துவிட்டது. நேரில் சொல்ல எத்தனையோ வருடம் இருந்தும் சொல்லாமல் விட்டதை இனி எழுதத்தான் முடியும்.

தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடியில் நாம் இருவரும் ஆராய்ச்சி மாணவிகள். நான் அரியக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவேன். நீ காளையார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், விடுதியில் இருந்தாய். ஒரே மேசை, ஒரே தராசு, ஒரே சார். வாய் மட்டும் எனக்குத்தான் இரண்டு ஆளுக்கு இருந்தது.

செடியின் ஹார்மோன் என்றால் ஐந்து என்றுதான் அன்று பாடம். செடியின் செல்கள் சின்னப் புரதத் துணுக்குகளைத் தூது அனுப்பிப் பேசிக்கொள்ளும் என்று யாராவது சொன்னால், அதெல்லாம் மிருகங்களின் சங்கதி என்பார்கள். தக்காளி இலையில் அப்படி ஒன்று இருப்பதாக நீ எங்கோ படித்துவிட்டு, வேரில் மட்டும் ஏன் இருக்கக் கூடாது என்று பிடித்துக்கொண்டாய். கடுகை முளைக்க வைத்துக் குருத்தை அரைத்து, அந்தச் சாற்றை வேறு கடுகு முளைகளுக்குக் கொடுத்தாய். வேர் நீளாமல் குட்டையாக நின்றது. சாற்றில் ஏதோ ஒன்று வேர் நுனியிடம் ‘போதும், நில்’ என்று சொல்கிறது. அது புரதம்தானா என்று தெரிய வேண்டுமென்றால், புரதத்தை வெட்டும் நொதியைச் சாற்றில் கலந்து பார்க்க வேண்டும்.

அந்த நொதி மெட்ராசிலிருந்து ஐஸ் வைத்து வர வேண்டும். வந்து சேர்வதற்குள் ஐஸ் தண்ணீராகி நொதியும் கெட்டுப்போயிருக்கும். ஒருநாள் காலையில் நீ மஞ்சள் பையில் ஒரு பப்பாளிக்காயோடு வந்தாய்.

“கறிய மெத்துன்னு ஆக்குறது எதுடி? இந்தப் பாலு புரதத்த வெட்டுறதாலதான? கறிய வெட்டுறது இத வெட்டாதா?” என்றாய்.

வெட்டியது. பப்பாளிப் பால் கலந்து வைத்திருந்த சாற்றைக் கொடுத்ததும் வேர்கள் ஒன்றுமே நடக்காதது போல நீண்டு வளர்ந்தன. முளைகள் இருந்த கண்ணாடித் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நீ நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், பொறாமைதான் வந்தது. அன்று மத்தியானமே உன் வேலைக்குக் ‘கறிக்குழம்பு ஆராய்ச்சி’ என்று பெயர் வைத்தேன். துறை முழுக்கச் சிரித்தது. நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய், எனக்கு அது போதுமான அனுமதியாகிவிட்டது.

இன்னும் ஒரு சோதனைதான் பாக்கி. நொதி சாகும்வரை பப்பாளிப் பாலை நன்றாகக் கொதிக்க வைத்து, அதைச் சாற்றில் கலந்து கொடுக்க வேண்டும். வேர் மறுபடி குட்டையானால், வெட்டியது நொதிதான் என்று உறுதி. உன் அண்ணன் கல்யாணத்துக்கு ஒரு வாரம் ஊருக்குப் போகையில் அதை என்னிடம் விட்டுப் போனாய். வேலையில் நான் குறை வைக்கவில்லை. பன்னிரண்டு தட்டுகள். வளைந்த வேரின் மேல் நனைந்த நூலைப் படுக்க வைத்து, நூலை அளவுகோலில் நீட்டி, ஒவ்வொன்றாக எழுதினேன். பன்னிரண்டிலும் வேர் குட்டை. நீ நினைத்தது அப்படியே சரி.

நீ திரும்பி வந்த அன்றே கருத்தரங்கு. நீ பேசி முடித்ததும் சார் கேட்டார், பப்பாளியிலேயே சத்து இருக்குமே, அதில் வேர் வளர்ந்திருக்கலாமே, கொதிக்க வைத்த பாலைப் போட்டுப் பார்த்தீர்களா என்று. நீ சிரித்த முகமாக என் பக்கம் கை காட்டினாய்.

“அத அளந்தது இவதான் சார். இவளே சொல்லட்டும்.”

எழுந்தேன். பின்வரிசையில் ஒருவன், “கறி வெந்துச்சா?” என்று முணுமுணுக்க, சிரிப்பு பரவியது. நான் கிளப்பிவிட்ட கேலி. சாரும் சிரித்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அந்தச் சிரிப்பு என் மேலும் விழும் என்று பயந்தேன்.

“அது சரியா வரல சார். திருப்பித்தான் செய்யணும்” என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். சார் உன் ஃபைலை மூடினார். சாயங்காலம் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நீ எனக்காகக் காத்திருந்தாய்.

“நோட்டுல எழுதி வச்சிருக்கியேடி. காலையிலயே பாத்துட்டேன்.”

சில தட்டுகளில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று உளறினேன். நீ “சரி” என்று சொல்லிவிட்டு நடந்தாய். அடுத்த வாரம் சார் உனக்கு வேறு தலைப்பு கொடுத்தார். அதில் உனக்கு மனம் ஒட்டவில்லை. ஆறு மாதத்தில் ஆராய்ச்சியை விட்டுவிட்டு உன் ஊர்ப் பக்கம் பள்ளிக்கூட வேலைக்குப் போய்விட்டாய். அந்த ஆறு மாதத்தில் எந்த நாளில் வேண்டுமானாலும் நான் என் நோட்டைச் சார் மேசையில் விரித்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பட்டம் வாங்கினேன், கல்லூரியில் வேலையும் வாங்கினேன்.

பல வருடம் கழித்து, வேரிலும் அப்படித்தான் நடக்கிறது என்று உலகம் சொன்னது. ஒரு செல்லிலிருந்து வெளியேறும் புரதத் துணுக்கு, அடுத்த செல்லின் மேற்புறத்தில் தனக்கென்றே இருக்கும் ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்கிறது. வேர் நுனி வளர்வதும் நிற்பதும் அதைப் பொறுத்தது. கல்லூரி நூலகத்தில் நின்றபடியே படித்தேன். முதலில் வந்தது பயம்தான், நீயும் படித்துவிட்டு எனக்கு போன் செய்வாயோ என்று. நீ செய்யவில்லை. வருடா வருடம் இதையேதான் வகுப்பில் நடத்துகிறேன். யார் கண்டுபிடித்தது என்று பிள்ளைகள் கேட்டால், புத்தகத்தில் இருக்கும் பெயர்களைச் சொல்கிறேன்.

போன வாரம் உன் முப்பதாம் நாள் பூசைக்கு வந்தேன். சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யாரும் கேட்பதற்குள் போய்விட நினைத்தேன். உன் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எங்கே பழக்கம் என்று கேட்டாள். காரைக்குடியில் ஒன்றாக ஆராய்ச்சி செய்தோம் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“அந்தக் கூட்டாளி நீங்கதானா? வருசா வருசம் பிள்ளைகளுக்குப் பப்பாளிப் பால வச்சுக் கடுகு வேர்ச் சோதனையச் செஞ்சு காட்டுவாக. கொதிக்க வச்ச பாலுக்கு வரும்போது, ‘இத நான் செய்யல. என் கூட்டாளி செஞ்சா. பன்னெண்டு தட்டையும் நூல் வச்சு அளந்தா, ஒண்ணுகூடத் தப்பல, அப்படி ஒரு கை அவளுக்கு’ன்னு சொல்லுவாக.”

நீ என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். நீ என்னைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய், அதுவும் நான் இல்லையென்று சொன்ன அந்த ஒன்றை வைத்து.

“ஆமா, நான்தான்” என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கருத்தரங்கில் சொன்ன பொய்யை அவளிடம் சொல்லியிருக்கலாம், அப்போதும் சொல்லவில்லை. வீடு வந்த பிறகும் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.