ஐஸில் வைத்த இரத்தம்

கஹவத்தை
12.07.2006

அன்பு மகள் விஜயகலாவுக்கு, முருகன் புண்ணியத்தில் நீ அங்கே கைகால் சுகத்தோடு இருப்பாய் என்று நம்பி அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. உன் பிள்ளை அபிஷாவுக்குக் கழுத்தில் கட்டி வந்து மூன்று வாரமாகக் காய்ச்சல் விடவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், உன் மேடம் ஏசுவாள், அதனால்தான் வேன்கார ஹுஸைனின் தங்கச்சி ஹபீஸா நாளைக்குக் குவைத்துக்கு ஏறும்போது இதைக் கொடுத்துவிடுகிறேன். இரத்தத்தில் வெள்ளை அணு ஏறிக் கிடக்கிறது. பூதக்கண்ணாடியில் எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியுமாம், அதனால் கொழும்பு லெபில், அதுதான் இரத்தம் சோதிக்கிற இடத்தில், ஒளிர்கிற மருந்துகளைக் கலப்பார்களாம், ஒவ்வொரு மருந்தும் தனக்குரிய வகை அணுவில் மட்டும் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு நிறத்தில் மின்னுமாம். பல வகையும் கலந்து மின்னினால் கிருமியால் வந்தது, தானாக வற்றிவிடும், ஒரே வகை நிறைந்து மின்னினால் இரத்தப் புற்று, உடனே மஹரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்ட உன் மாமியார் பத்மாசனி, உங்க பக்கத்து ரத்தம் அப்படி என்றாள். உன் கலியாணத்தில் பாயாசம் தண்ணி என்று சொன்ன வாய்தானே.

இனிமேல் எழுதுவதைப் பொறுமையாகப் படி. போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ் இரத்தக் குழாயை என்னிடம் தந்து, இப்படியே கொண்டுபோய் இன்றைக்கே லெபில் கொடுங்கள் என்றாள். முப்பத்தொரு வருஷம் ரப்பர் பால் வெட்டியவள் நான், சூட்டில் பால் கட்டிப்போவது எனக்குத் தெரியாதா என்று மீன் கடையில் ஐஸ் வாங்கி அதற்குள் புதைத்தேன். ஹுஸைன், ஆச்சி, மிஸ் ஐஸ் பத்தி ஒண்ணும் சொல்லலியே என்றான். நீ பால் வெட்டுனியா நான் வெட்டுனேனாடா, ரோட்டப் பாரு என்று அடக்கினேன். லெபில் பார்த்துவிட்டு, அணுக்கள் உறைந்து உடைந்துவிட்டன, மருந்து ஒட்டாது, மறுபடி எடுத்து வாருங்கள் என்றார்கள். அந்தச் சோதனை அங்கே கிழமைக்கு ஒரு நாள்தான். என்னால் ஒரு கிழமை போய்விட்டது.

நேற்று மறுபடி எடுத்தார்கள். நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். பிள்ளை அழவில்லை, அம்மாயி, இந்த வாட்டி ஐஸ் வைக்காதீங்க என்றாள். துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். திங்கட்கிழமை முடிவு வரும். அன்றைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு ஹுஸைன் வீட்டுப் போனுக்கு எடு. ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்று பார்க்காதே, பாஸ்போர்ட்டை இப்போதே மேடத்திடம் கேட்டு வாங்கி வை. கெடுதல் செய்த யாரையும் நான் மறந்ததில்லை, உனக்குத் தெரியும். அந்த ஒரு கிழமையால் பிள்ளைக்கு ஏதும் ஆனால் என்னையும் நீ மறக்காதே, மன்னிக்கவும் வேண்டாம்.

கதிர்காமத்தான் உன்னையும் பிள்ளையையும் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா தங்கம்மா