ஒவ்வொரு நாளும் மன்னித்தவனுக்கு

வீட்டுத் தண்ணீர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு இன்று காலை பாகலூர் சாலையில் ஒரு லேத் பட்டறைக்குப் போயிருந்தேன். சூடான இரும்பில் எண்ணெய் விழுந்து புகைந்த வாசனை மூக்கில் ஏறியதும் அங்கே நிற்க முடியவில்லை. மோட்டாரை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். நீ போய் நாற்பத்தைந்து நாளாகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரமாட்டேன் என்கிறது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

ஓசூரில் அந்தக் கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் நாம் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். நான் கல்லாவிக்காரன், நீ வேப்பனப்பள்ளி. வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், சூப்பர்வைசரிடம் கன்னடம் என்று மூன்றிலும் சிரிக்கத் தெரிந்தவன் நீ. அந்தச் சின்ன ஓட்டுக் கோயிலுக்கு என்னை அழைத்துப் போனதும், நான் ஞானஸ்நானம் எடுத்தபோது பக்கத்தில் நின்றதும் நீதான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸில் தகட்டை வைத்து எடுப்பது உன் வேலை, பெடலை மிதிப்பது என் வேலை. வேலை வேகமாக ஓடட்டும் என்று, கைக்கு முன்னால் இருக்க வேண்டிய பாதுகாப்பு வலையை அன்று காலையிலேயே கழற்றி வைத்தவன் நான். தகடு அச்சில் சிக்கியது. "இருடா, மிதிக்காத" என்றாய். எனக்குக் கேட்டது. கேட்டும், பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பினேன். கால் பழக்கத்தில் இறங்கிவிட்டது. உன் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

"அவனே கைய வுட்டானா?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"ஆமா சார்" என்றேன்.

உன் கவனக்குறைவு என்று ரிப்போர்ட் எழுதினார்கள். சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பாஸ்டர் ஐயாவும் சபையாரும் உன் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். யார் மேலாவது கசப்பு இருக்கிறதா என்று ஐயா கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். "இல்லைங்க ஐயா, மன்னிச்சுட்டேன்" என்றாய். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. காயம் ஆறி நீ வேலைக்குத் திரும்பியதும் உன்னைப் பேக்கிங்கில் போட்டார்கள். இடது கையால் அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டப் பழகிக்கொண்டிருந்தாய். என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. திருவிருந்து நாளில் உனக்கருகே முழங்கால் போட வேண்டுமே என்று பயந்து, ஞாயிறு ஷிஃப்ட் கேட்டு வாங்கினேன். வேதத்தைத் திறந்தால் எந்தப் பக்கமும் என்னைப் பற்றியே பேசுவதுபோல் இருந்தது.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து நேராக என் அறைக்கு வந்தாய். நான் யூனிஃபாரம் துவைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்டா கோயிலுக்கு வரல?"

"ஷிஃப்ட்டு."

"பொய் சொல்லாத. நானும் இனிமே சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரில மன்னிச்சுட்டேன்னு சொன்னேன் பாரு, அது பொய்."

சோப்பு நுரையோடு நின்றேன்.

"அத்தன பேரு சுத்தி நிக்கறாங்க, ஐயா கேக்கறாரு. வேற என்னத்த சொல்லுவேன்? சட்ட பட்டன் போடறப்பெல்லாம் உன்ன திட்டறேன்டா. என் பொண்ணு கையப் புடிக்கறப்போ திட்டறேன். வெரல் போனதக்கூட வுடு. நானே கைய வுட்டேன்னு எழுதினாங்களே, அதுல நீ கையெழுத்துப் போட்ட பாரு..."

ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாய். பிறகு, "மன்னிக்கணும்னு ஆசதான். வரமாட்டேங்குது. நீயும் சேர்ந்து கேளு" என்றாய். நானும் உட்கார்ந்தேன். "கர்த்தாவே" என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் இருவருக்கும் வரவில்லை. அழுதோம். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் உண்மையான ஜெபம் அதுதான்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போனேன். "சார், அவன் மிதிக்காதன்னு சொன்னான். எனக்குக் கேட்டுச்சு. வலையக் கழட்டினதும் நான்தான்."

"ஈக யாக்கப்பா? இப்ப எதுக்கு இது? ஃபைல் முடிஞ்சு போச்சு. போய் வேலையப் பாரு" என்றார்.

எழுதிக் கொடுக்காமல் நகரமாட்டேன் என்றேன். எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் என்னை வெளியே நிறுத்தினார்கள். திரும்பி வந்தபோது என் இடம் கழிவுத் தகடு கொட்டும் முற்றமாகிவிட்டது. ரிப்போர்ட்டைத் திருத்தினார்கள். உன்னை இன்ஸ்பெக்ஷனுக்கு மாற்றினார்கள். அளவுக் கருவியை இடது கையில் பிடித்து நீ பார்த்த பார்வைக்கு ஒரு தப்பும் தப்பாது என்று பின்னால் எல்லோரும் சொன்னார்கள்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. நீயும் அப்படி நடிக்கவில்லை. டீ நேரத்தில் இரண்டு கிளாஸோடு முற்றத்துக்கு வருவாய். ஒரு நாள், "இன்னைக்குப் பரவால்ல" என்பாய். இன்னொரு நாள், "இன்னைக்கு எதுவும் பேசாத" என்பாய். அந்த நாளிலும் டீ கொண்டுவந்தாய். உன் முகம் எப்படி இருக்குமோ என்று காலையிலிருந்தே வழியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "நேத்து மன்னிச்சது நேத்தோட போச்சு. இன்னைக்கு மறுபடியும் கேக்கணும்" என்று ஒருமுறை சொன்னாய். சொன்னது என்னிடம் என்றாலும், நீ பேசியது ஆண்டவரிடம் என்று தோன்றியது.

இரண்டு வருஷம் போயிற்று. ஒரு நாள் உன் மாந்தோப்பில் பூ உதிர்ந்ததைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய். பொறுக்க முடியாமல், "இன்னைக்கு எப்படி?" என்று கேட்டேன்.

"எது எப்படி?" என்றாய்.

நீ நிஜமாகவே மறந்திருந்தாய். நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, தகட்டுக் குவியலுக்குப் பின்னால் போய் முகத்தை மூடிக்கொண்டேன். சுகமாவது இப்படித்தான் போலிருக்கிறது. ஆகிற நாளில் யாருக்கும் தெரிவதில்லை.

அதற்குப் பிறகு பத்து வருஷம் நல்ல சிநேகிதர்களாக இருந்தோம். நெஞ்சுவலி உன்னை ஒரே காலையில் கொண்டுபோனது. நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் கிளம்பியபின், கிருஷ்ணகிரியில் காலேஜ் படிக்கும் உன் மகள் என்னிடம் வந்தாள். "அங்கிள், அப்பா வெரலு எப்படிப் போச்சு? மெஷின்ல போச்சுன்னு மட்டும்தான் சொல்லுவாரு. நீங்க கூடவே இருந்தீங்களாமே?"

வீட்டில் நீ சொல்லவே இல்லையா! ஒரு கணம், அந்தப் பழைய "ஆமா சார்" நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்தையும் சொன்னேன். அவள் கேட்டு முடித்து உள்ளே போய்விட்டாள். அதிலிருந்து இன்றுவரை என்னோடு பேசவில்லை.

தவறு செய்தேனா? நீ மூடி வைத்ததை நான் திறந்திருக்கக்கூடாதோ? ஐந்து நாளாக இதையே போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். மன்னித்துவிட்டாயா என்று அவளை நான் கேட்கப்போவதில்லை. கேட்காமலே அவள் எதிரில் போய் நிற்கும் தைரியம் மட்டும் இருக்கிறது. அது உன்னிடமிருந்து வந்தது.

நாளை ஞாயிறு. அவளும் அவள் அம்மாவும் இரண்டாம் வரிசையில் உட்காருவார்கள். நான் போகிறேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அடுத்த ஞாயிறும் போவேன்.