மச்சமாகிப் போன திருஷ்டிப் பொட்டு

ஒக்டோபர் 5, ஞாயிறு

என் முகத்தை என்னைக் கேட்காமல் வெளுத்து, கடையில் தொங்கவிட்டு, அதைக் காட்டி வியாபாரம் செய்கிறார்கள். முதலில் இதை எழுதி வைக்கிறேன். மற்றதெல்லாம் பிறகு.

காலையில் வெயில், பகலுக்கு மேல் இடி. றக்வானை டவுனுக்குப் போனது தேங்காயெண்ணெய், கருவாடு, செருப்பு தைக்க. செருப்பு தைக்கவில்லை. மறந்துவிட்டேன். காரணம் மேலே எழுதியதுதான்.

டவுனில் அலங்காரச் சாமான் விற்கிற முஸ்லிம் நானாவின் கடையில் தீபாவளிக்குப் புதுச் சாமான் இறங்கியிருக்கிறது. நான் கலியாணம் கட்டி இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து பவுடர், மை, நகத்துக்குக் கியூடெக்ஸ் எல்லாம் அங்கேதான். கண்ணாடி அலமாரிக்கு மேலே பெரிய படம். ஒரு பெண். தலையில் துண்டு, சிரிப்பு, பால்மா நிறம். நெற்றி மொட்டை. காதுக்குக் கீழே ஒரு மச்சம்.

அது நான்.

"என்ன அக்கா, பேயக் கண்ட மாதிரி நிக்கிறீங்க?" என்றார் நானா.

"இது யாரு நானா?"

"யாரெண்டு தெரியா. கம்பனி அனுப்பினது. கொழும்பு மொடலா இருக்கும்."

வேலைக்கு நிற்கும் சிங்களப் பிள்ளை புது செட்டைத் திறந்து காட்டினாள். பவுடர், உதட்டுச்சாயம், ஒரு கறுப்புப் பென்சில். "இது மச்சம் போடுற பென்சில் அம்மே. இப்ப எல்லாரும் போடுது."

செட்டின் பெயர் எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் விளம்பரம்.

உதட்டுச்சாயத்தைப் புறங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். வெற்றிலை போட்டு, துப்பி, வாய் கழுவிய பிறகும் உதட்டில் நிற்குமே, அந்தச் சிவப்பு. இதைத் தேடி எத்தனை குச்சி வாங்கி ஏமாந்திருக்கிறேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வாங்கவில்லை.

ஒக்டோபர் 7, செவ்வாய்

பனிமூட்டம். துணி காயவில்லை. குழாயில் சேற்றுத் தண்ணீர்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் மாற்றிச் சொல்ல முடியாதபடி.

வேலையிலிருந்து நின்ற பிறகும் ஞாயிறுகளில் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போவேன். சித்திரை கழிந்த ஒரு ஞாயிறு. தொரை பங்களாவுக்கு வந்த ஆட்களோடு கமராக்காரப் பையன் ஒருவனும் குடை பிடித்த ஒரு பெண்ணும் மலைக்கு ஏறி வந்தார்கள். அத்தனை பேரில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். உதட்டுச்சாயத்தோடு கொழுந்தெடுப்பவள் நான் ஒருத்திதான். கங்காணி சொன்னான்: "போங்க, சினிமாக்காரி போங்க. கொழுந்த நாங்க பாத்துக்கிறோம்."

கமராவைக் கண்டதும் திரும்பி நின்று, மடியிலிருந்த புருவப் பென்சிலால் இடது காதுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன். கண் படக்கூடாதென்று. திருஷ்டிப் பொட்டு இல்லாமல் நான் எந்தக் கமராவுக்கும் நின்றதில்லை. கலியாணப் படத்தில் இருக்கிறது. மகளின் காதுகுத்துப் படத்தில் இருக்கிறது.

"டிக்கக் ஹினாவென்ன அம்மே." கொஞ்சம் சிரிங்கம்மா என்றான் பையன். சிரித்தேன். ஒரு பிஸ்கட் பாக்கெட் தந்தார்கள். பெயர் கேட்கவில்லை. எதற்கென்று சொல்லவில்லை.

இப்போது கணக்குப் பார்த்தால்:

நெற்றியில் இருந்த சாந்துப் பொட்டு, துடைத்துவிட்டார்கள்.
நிறம், எடுத்துவிட்டார்கள்.
கண்ணோரச் சுருக்கம், அதையும் எடுத்துவிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. பொய் எழுதுவானேன்.
திருஷ்டிப் பொட்டு மட்டும் அப்படியே. மச்சமென்று நினைத்து விட்டுவைத்திருக்கிறார்கள். இப்போது அதை வரைய ஒரு பென்சில் விற்கிறார்கள்.

இன்னொன்று. அன்று நான் பூசியிருந்தது இரண்டு பழைய குச்சிகளின் அடித்துண்டை விரலால் குழைத்தது. அந்தச் சிவப்பை என் வாயிலிருந்துதான் எடுத்தார்களோ. இது சந்தேகம்தான். ஆனால் வலுவான சந்தேகம்.

ஒக்டோபர் 9, வியாழன்

எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவில் இருப்பது என் நாத்தனார் மாரியம்மா. செத்துப்போன என் வீட்டுக்காரரின் தங்கை. நேற்று டவுனுக்குப் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, இன்று குழாயடியில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:

"மதினி, அது நீங்கன்னா நான் தொரைசாணி. மச்சம் வலது பக்கம் இருக்கு. நீங்க பொட்டு வைக்கிறது இடது பக்கம். மூக்குத்தியும் மாறி இருக்கு."

யாரோ பின்னால்: "புருசன் போயும் பூச்சு போகல. இப்ப படத்துல வேற வரணுமாம்."

குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். குடம் நிறையவில்லை.

இரத்தினபுரியில் கார்மெண்ட் ஃபெக்டரியில் வேலை செய்கிற மகள் விஜயாவுக்கு ஃபோன் எடுத்தேன். அவளும் அதையே: "இப்ப மனுசரே இல்லாம கம்பியூட்டர்ல மொகம் செய்றாங்கம்மா. அது யாரும் இல்ல."

மனிதர் இல்லாமல் திருஷ்டிப் பொட்டு எப்படி வரும்? கம்பியூட்டருக்கு யார் கண் படும்? வி.யிடம் கேட்டேன். மிஷின் சத்தம், கேட்கவில்லை என்றாள்.

ஒக்டோபர் 10, வெள்ளி

கோயிலுக்குப் போக முகம் கழுவி, பவுடர் போட்டு, கண்ணாடி முன் நின்றேன். சும்மா ஒரு புள்ளி வைத்துப் பார்த்தேன், இடது காதுக்குக் கீழே.

கண்ணாடிக்குள் நிற்கிறவளுக்கு அது வலது காது.

படத்தை யாரோ இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். நான் தினமும் மை தீட்டுவது கண்ணாடிக்குள் இருக்கிற முகத்துக்கு. மற்றவர்கள் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. அதனால்தான் எனக்கு ஒரு நொடியில் தெரிந்தது, அவர்களுக்குத் தெரியவில்லை.

கோயிலுக்குப் போகவில்லை. சோறு அடிப்பிடித்துவிட்டது.

ஒக்டோபர் 12, ஞாயிறு

மாரியம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு நானா கடைக்கு. வர மாட்டேன் என்றாள், தின்ன ரோல்ஸ் வாங்கித் தருகிறேன் என்றேன், வந்தாள்.

தோடு மாட்டிப் பார்க்க நானா வைத்திருக்கும் கண்ணாடியை எடுத்து, படத்துக்கு நேராகப் பிடித்தேன். "படத்தப் பாக்காத. கண்ணாடிக்குள்ள பாரு."

பார்த்தாள். ரோல்ஸ் கையிலேயே இருந்தது.

"அடியாத்தி. மதினி, நீங்க."

நானாவும் எட்டிப் பார்த்தார். "நீங்கதான். எவ்வளவு நாளா உங்கட மொகத்துக்குக் கீழயே இருந்து யாவாரம் செய்றன், தெரியல்லயே."

பிறகு அலமாரியைத் திறந்து ஒரு செட்டை எடுத்து நீட்டினார். "கொண்டு போங்க அக்கா. சல்லி வேணாம்."

நல்ல மனிதர். ஆனால் ஏன் இவ்வளவு அவசரம்? தீபாவளி வியாபாரம் கெடக் கூடாது, நான் வாய் திறக்கக் கூடாது என்றா?

"வேணாம் நானா."

"நான் விக்கிறவன் மட்டும்தானே, அக்கா."

"நீங்க வித்துக்கிட்டு இருங்க. நான் வாங்காம இருக்கேன்."

வெளியே வந்ததும் மாரியம்மா: "சும்மா குடுத்தத வாங்கியிருக்கலாம். எனக்காவது குடுத்திருக்கலாம்." இதுதான் என் சொந்தம்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

விடாத மழை. அட்டை வீட்டுக்குள் வந்துவிட்டது.

நானா கடையில் புதிதாக வந்தவையும் நான் வாங்காததற்குக் காரணமும்:

ரோஸ் பவுடர். பழைய பவுடர்தான், அளவைக் குறைக்க டப்பாவின் அடியை உள்ளே குழித்திருக்கிறார்கள். விரலை விட்டுப் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்து நான் படித்ததே பவுடர் டின்னில்தான், என்னை ஏமாற்ற முடியாது.
தண்ணீரில் அழியாத மை. அழுகிறவர்கள் வாங்கட்டும்.
மினுங்குகிற கியூடெக்ஸ். கொழுந்துக் கறைக்கு மேல் எது மினுங்கும்?
வெள்ளையாக்கும் கிரீம். இதற்குக் காரணம் வேறு எழுத வேண்டுமா?
அந்தச் சிவப்பு. காரணம் முதல் நாளில் இருக்கிறது. புறங்கைக் கோடு போய்விட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தது நான்தான்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

முறுக்கு நன்றாக வந்தது. பயற்றம் பணியாரம் உதிர்ந்துவிட்டது.

பின்னேர பஸ்ஸில் வி. வந்தாள். கையில் சேலைப் பை, அதற்குள் அந்த செட்.

"வர்ற வழியில நானா கடையில ஒங்களுக்குன்னு வாங்கினேம்மா. அத்தை எல்லாம் சொன்னாங்க. எங்கம்மாதான் படத்துலன்னு கார்மெண்ட் முழுக்கச் சொல்லிட்டேன்."

"என் நெறத்த அழிச்சவன்கிட்ட வாங்கி என் ஒதட்டுல பூசணுமா?"

"இது ஒரு லிப்ஸ்டிக்கும்மா. ஒங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். வலது காதுக்குக் கீழே பென்சில் மச்சம். அந்தப் பவுடர். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். நெற்றியில் ஒன்றுமில்லை.

வி.க்கு என் நிறம். பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எல்லாரும் சொன்னது. என் மகள் என் படத்தைப் பார்த்து வெளுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

சாப்பாடு போட்டேன். செட் மேசையில் இருக்கிறது. திறக்கவில்லை. ஒரு முறை பெட்டியோடு முகர்ந்து பார்த்தேன். அதுவும் செய்திருக்கக் கூடாது.

ஒக்டோபர் 20, திங்கள். தீபாவளி

விடியலில் தூறல். வி.யின் தலையில் எண்ணெய் வைத்து, முகத்திலும் தேய்த்துவிட்டேன். சீயக்காய் போட்டுக் கழுவினாள். மச்சமும் பவுடரும் தண்ணீரோடு போயின. ஈரத்தோடு திரும்பினாள், அவள் நிறத்தில். ஒரு பொட்டு எடுத்து வைத்தேன், தட்டிவிடவில்லை.

"அம்மா, அந்தக் கம்பனிக்காரங்களுக்கு நான் சிங்களத்துல எழுதட்டுமா?" அவளாகவே கேட்டாள்.

இறைச்சிக் கறி அடுப்பில். அதற்குள் எழுதி வைக்கிறேன், யார் எதைச் செய்ய வேண்டுமென்று.

கம்பனி: என் நிறத்தைத் திரும்பப் போட வேண்டும். நெற்றிப் பொட்டையும். சுருக்கம் அவர்கள் விருப்பம்.

கமராப் பையன்: மலைக்கு ஏறி வந்து பெயர் கேட்க வேண்டும்.

விஜயா: எழுத வேண்டும். அது மச்சமில்லை, திருஷ்டிப் பொட்டு என்பதை முதல் வரியில் எழுத வேண்டும். செட்டை நாளைக்கு நானாவிடம் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும், வழியில் திறக்காமல்.

நானா: கேட்கிற பிள்ளைகளிடம் கொழும்பு மொடல் என்று சொல்லக் கூடாது.

நான்: வாங்கக் கூடாது. புறங்கையிலும் பூசிப் பார்க்கக் கூடாது. பழைய அடித்துண்டுகளைத் தேடிக் குழைக்க வேண்டும்.

மாரியம்மா: மறுத்ததைக் குழாயடியில் சொன்னவள், ஒப்புக்கொண்டதையும் குழாயடியில் சொல்ல வேண்டும். நாளைக்குச் செவ்வாய். உப்பு, மிளகாய் எடுத்து எனக்குச் சுற்றிப் போட வேண்டும். பிறகு டவுனுக்கு வந்து, கடையில் தொங்குகிறவளுக்கும் சுற்றிப் போட வேண்டும். நானாவிடம் அனுமதி கேட்கப் போவதில்லை.