அறிவித்தலுக்குக் கீழே இரண்டு வரி

நம் சனம் செத்தவர்களைத்தான் வாசிக்கும், அக்கா. எழுதுகிறவர் வீட்டு வாசலுக்கு அவர்கள் வரவேண்டுமென்றால் அவரும் முதலில் சாக வேண்டும்.

மூன்று நாளைக்கு முன் உங்கள் மரண அறிவித்தலை உங்கள் இணையத்தளத்திலேயே போட்டேன். இன்று காலை கடையைத் திறந்து கணினியைப் போட்டதும் பக்கத்தின் அடியிலுள்ள வருகை எண்ணைப் பார்த்தேன். ஐந்து வருடத்தில் அது இப்படி ஓடியதில்லை. லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் என்று எல்லா இடத்திலிருந்தும் ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’. உங்கள் கதைப் பக்கத்தின் எண் அசையவேயில்லை.

சண்டை நின்றிருந்த காலத்தில்தான் அந்தத் தளத்தைச் செய்தோம். நீங்கள் நெடுந்தீவுக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர். நான் சுருவிலிலிருந்து பஸ்ஸில் வந்து யாழ்ப்பாணத்து நெற் கபே ஒன்றில் வேலை செய்பவன். சனிக்கிழமைகளில் முதல் படகு பிடித்துக் கதை எழுதிய கொப்பியோடு வருவீர்கள். நான் தட்டச்சு செய்வேன். முதற்பக்கத்தில் செவ்வரத்தம்பூ, ஓடுகிற எழுத்தில் ‘வருக வருக’, திறந்தவுடன் நாதஸ்வரம். எழுத்துருவை இறக்கினால்தான் வாசிக்கலாம் என்ற எச்சரிக்கை வேறு. இரண்டு மாதத்தில் பதினேழு வருகை.

“இந்தப் பதினேழிலை நீர் எத்தினை?” என்று கேட்டீர்கள்.

“பதினொண்டு, அக்கா.”

“நான் நாலு தரம் பாத்தனான். மிச்ச ரண்டு பேரும் மேளச்சமாவெண்டு பயந்து ஓடியிருப்பினம்.”

ஆட்கள் தினமும் வர ஒரு காரணம் வேண்டும் என்றேன். வெளிநாட்டிலிருக்கும் தீவாருக்கு அந்தக் காரணம் ஒன்றுதான்: ஊரில் யார் செத்தது? மரண அறிவித்தல் பகுதி தொடங்குவோம் என்றதும் கொப்பியை மூடினீர்கள். “பிரேதத்தைக் காட்டி ஆள் பிடிக்கிற வேலை எனக்கு வேண்டாம்.”

அடுத்த சனிக்கிழமை ஒரு நிபந்தனையோடு வந்தீர்கள். இன்னாரின் அன்புக் கணவரும் இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று போகும் வழமையான வரிகளுக்குக் கீழே, செத்தவரைப் பற்றி உண்மையான இரண்டு வரி நீங்கள் எழுதுவீர்கள். அதில் ஒருவரும் கைவைக்கக் கூடாது.

‘ஆடுகளுக்குப் பெயர் வைக்கமாட்டார். வைத்தால் விற்க மனம் வராது என்பார்.’ ‘மகன் வாங்கி அனுப்பிய குளிர்சாதனப் பெட்டிக்குள் சேலைகளை மடித்து வைத்திருந்தார். எங்கள் ஊர் மின்சாரத்துக்கு அது வேறு எதற்கும் உதவாது.’

அந்த இரண்டு வரிக்காகவே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முன்பின் தெரியாதவர்களின் சாவையும் வாசித்தார்கள். இதை எழுதுவது யார் என்று பார்க்கக் கதைகளுக்குள்ளும் போனார்கள். நோர்வேயில் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒருத்தி உங்கள் கதை ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். அதை அச்செடுத்துத் தந்தேன். படகுக்கு நேரமாகிறது என்று மூன்று தரம் சொன்னேன். நீங்கள் தலை நிமிரவில்லை.

பிறகு பாக்கியம் செத்தார். தீவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பந்தலுக்கு வெள்ளை கட்டியது அவர்தான். ஊர் உடுப்பை வெளுத்ததும் அவர்தான். அவருக்கும் அறிவித்தல் போட்டோம். கீழே நீங்கள் எழுதியது: ‘இந்தப் பக்கத்தில் இருப்பவர்களில் பலருடைய வீட்டுக்கு வெள்ளை கட்டியவர். இவருடைய வீட்டுக்கு அந்த வீட்டார் ஒருவரும் போகவில்லை.’

“எங்கட ஐயாவின்ரை படத்துக்குப் பக்கத்திலை அந்த மனிசியின்ரை படம் ஏன்? அவவை எடுங்கோ, இல்லாட்டில் ஐயாவை எடுங்கோ.” ஒரே கிழமையில் ஐந்து குடும்பங்கள் இப்படி எழுதின. நான் பாக்கியத்தை எடுத்தேன். உங்களுக்காகத்தான் எடுக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

“ஆர் எடுத்தது?”

“நான்தான். இல்லாட்டில் ஒருத்தரும் வராயினம், அக்கா. உங்கட கதையளை ஆர் வாசிக்கிறது?”

“பாக்கியத்தின்ரை முகத்தைப் பாக்க ஏலாதவை என்ரை கதையை வாசிச்சு என்ன செய்யப்போகினம்? அதுகளையும் எடும்.”

நான் எடுக்கவில்லை. நீங்களும் பிறகு ஒரு வரிகூடத் தரவில்லை. சண்டை திரும்பத் தொடங்கியது. படகு ஓடுவதே அரிதானது. போன கிழமை கடற்படை கடலில் தடை போட்டது. காய்ச்சலோடு, ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு நாள் படகுக்குக் காத்திருந்து செத்தீர்கள். காய்ச்சலால் மரணம் என்று எழுதுகிறார்கள். படகில்லாததால் என்று எழுத ஒருவருக்கும் துணிவில்லை, எனக்கும்தான்.

பாரிஸிலிருந்து உங்கள் தம்பி தொலைபேசியில் சொல்லச் சொல்ல அறிவித்தலைத் தட்டச்சு செய்தேன். ‘பாசமிகு சகோதரி’ என்று இருக்கிறது. கீழே வரவேண்டிய இரண்டு வரி எனக்கு வரவில்லை. மூன்று நாளாக எழுதி எழுதி அழிக்கிறேன். நான் எழுதுவதெல்லாம் உங்களைப் புகழ்கிறது. நீங்கள் அதில் இல்லை.

இன்று காலை பாக்கியத்தின் அறிவித்தலைத் திரும்பப் போட்டேன். அதே வரிகள், உங்கள் படத்துக்குப் பக்கத்தில் அவர் படம். ஒரு மணித்தியாலத்துக்குள் மின்னஞ்சல் வந்தது. எழுதியது உங்கள் தம்பி.

“குறை நினைக்காதையும். அக்காவுக்குப் பக்கத்திலை அவவை வைக்கேலாது. இஞ்சை எங்கட ஆக்கள் பாத்திட்டுக் கேக்கினம். கெதியா எடுத்துவிடும்.”

உங்கள் பிணத்தைச் சுமக்க வராதவர், உங்கள் படத்துக்குக் காவல் நிற்கிறார். எடுக்க மாட்டேன் என்று எழுதினேன். அதற்குக் கீழே ஒன்று கேட்டேன். மத்தியானம் வரை பதிலில்லை. திரும்பவும் இரண்டு தரம் கேட்டேன்.

ஊரடங்குக்கு முன் சுருவிலுக்குப் போய்ச் சேர வேண்டும். கடையைப் பூட்டுமுன் அதையே நாலாவது தரமும் அனுப்பினேன்: ‘உங்கள் அக்காவைப் பற்றி உண்மையான இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.’